பெலிஸ்யேவின் கொக்கி

சத்தியம்! நீட்டுங்கள் உங்கள் கையை, அடித்தே சொல்கிறேன். இனி வரப்போவதில் ஒரு எழுத்துப் பொய்யாக இருந்தால் வில்லியனூர்த் தேர் என் மேல் ஏறி இறங்கட்டும், இறங்கினதோடு போகாமல் திரும்பி வந்து இன்னொரு தரமும் ஏறட்டும். என் கை ஆடுகிறதே என்று பார்க்காதீர்கள், அது வயசு. கதை ஆடாது.

புதுச்சேரியில் துய்மா வீதி. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த பழைய கட்டடம் ஒன்றின் கீழ்க்கூடத்தில், காலை பத்து மணிக்கு, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார் திருக்காமு. எழுபத்து நாலு வயசு, சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினேழு வருஷம் லாரி ஓட்டிவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். எதிர்ச் சுவரில் ஏழு படங்கள். பதினோரு மணிக்குக் கதவைத் திறப்பார்கள், திறந்தால் ஊர் உள்ளே வரும், ஊர் என்றால் தமிழ் படித்த ஊர், அதுதான் அவருக்குப் பயம். இருபத்தைந்து வருஷம் இந்த ஏழும் பாரிஸில் தொங்கினபோது அவருக்கு ஒரு பயமும் இருந்ததில்லை, பார்த்தவர்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். ஒவ்வொரு படத்தின் தலைமாட்டிலும் நட்டநடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வளைவு இருக்கிறதே, சுழித்து, இறங்கி, வலப்பக்கமாகப் படுத்து வாலை நீட்டிக்கொண்டு, அதற்குப் பாரிஸில், திருக்காமு டிரைவர் வேலை பார்த்த ஓவியரின் பெயரால், பெலிஸ்யேவின் கொக்கி என்று பெயர். தூண்டில் முள் என்றார் ஒரு நிபுணர். தூக்குக் கயிற்றின் நுனி என்றார் இன்னொருவர். யுத்த காலத்துக் கசாப்புக் கடையில் ஒரு துண்டு இறைச்சிகூடத் தொங்காத வெறுங்கொக்கி என்று மூன்றாமவர் நூற்றுப்பத்துப் பக்கம் எழுதித் தள்ளினார். இங்கே ஒன்றாம் வகுப்பு பாஸ் பண்ணின எவனும் நின்ற நிலையில் சொல்லிவிடுவான் அது என்ன என்று. பிள்ளையார் சுழி. போட்டவர் திருக்காமு. சுழியை மட்டுமா, சுழிக்குக் கீழே இருந்த அத்தனை கோட்டையும்.

வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். ஆடுகிறதா? இல்லை. ஆடுகிறது. போன மாசம் காபி டம்ளரில் ஆரம்பித்தது, ஒரு துளி வேட்டியில் சிந்தி, பூங்காவனம்கூடக் கேட்டாளே, என்னங்க புதுசா அபிஷேகம் பண்ணிக்கறீங்க என்று. டாக்டரிடம் போனால் அவர் ஒரு பெயர் சொல்லிவிடுவார். பெயர் சொல்லாதவரைக்கும் அது வயசு. முசே பெலிஸ்யேவுக்கும் காபியில்தான் ஆரம்பித்தது, கோப்பை தட்டின் மேல் பல் கிட்டுகிற மாதிரி கடகடகடவென்று, அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் வரும், வந்தால் திருக்காமு குழாயைத் திறந்துவிடுவார், தனக்குக் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என்று. இப்போது யார் குழாயைத் திறப்பது? கூடத்தில் மின்விசிறி சுற்றுகிறது, அதன் காற்றில் திறப்பு விழா நோட்டீஸ் கையில் படபடக்கிறது, மின்விசிறிதான், கை இல்லை, மின்விசிறி. முதல் படத்தைப் பார்க்கக் கூடாது என்று இருந்தார், பார்த்தார். கட்டிலில் ஒரு கிழவன், விலா எலும்பு கானாங்கெளுத்தி மீனின் முள் மாதிரி. சுவர் நீர் தெளித்த அடுப்புச் சாம்பல் நிறம். கட்டில் கால், ஜன்னல் சட்டம், கிழவனின் மூக்கு எல்லாம் நேர் நேராகக் கறுப்புக் கோடு, கருவேல முள்ளால் கீறினது போல. நிழல் கிடையாது, சதை கிடையாது. அதுதான் பெலிஸ்யே. யுத்தம் முடிந்த வருஷம் பாரிஸில் கரியும் இல்லை ரொட்டியும் இல்லை, இருபது வயசுப் பையன் அம்மாவின் படுக்கை விரிப்பைக் கிழித்துச் சட்டத்தில் அறைந்து, கிடைத்த கறுப்பையும் வெள்ளையையும் குழப்பி, ஒரு தட்டும் அதில் ஒரு மீன் முள்ளும் வரைந்தான். பார்த்தவர்கள் தங்கள் வீட்டுத் தட்டைப் பார்த்த மாதிரி நின்று அழுதார்களாம். இருபத்தாறு வயசில் கோட்டை போல வீடு, காருக்கு ஒரு டிரைவர், டிரைவருக்கு ஒரு தொப்பி. அப்புறம் அதே ஒல்லி மனிதர்கள், அதே முள், அதே சாம்பல், நாற்பது வருஷம். பல் டாக்டர் வீட்டுச் சுவரில், காலண்டரில், பிஸ்கட் டப்பா மூடியில். பசியை டப்பாவில் அடைத்து விற்றவன் என்று பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவர் காலை உணவோடு கத்தரித்து ஒட்டி வைப்பார். திரூ, இன்றைக்கு எவன் சிரித்திருக்கிறான் பார், என்பார். திருக்காமு என்று சொல்ல அவருக்கு நாக்கு புரளாது, திரூ.

திரூவை அவர் வேலைக்கு எடுத்ததே ஒரு குப்பைத் தொட்டியால்தான். பட்டாளத்தை விட்ட புதிது, பிரான்சின் தெற்கே ஆலிவ் மரங்களுக்கு நடுவில் பெலிஸ்யேவின் கல் வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போனவர், சும்மா நிற்கப் பிடிக்காமல் கேட்டோரத் தொட்டியில் வீட்டு நம்பரை எழுதிவைத்தார். பதினேழு வருஷம் லாரிக்கும் வெடிமருந்துப் பெட்டிக்கும் நம்பர் எழுதின கை, ஸ்கேல் இல்லாமல் நேராகப் போகும். பெலிஸ்யே வெளியே வந்து தொட்டி முன்னால் குந்திக்கொண்டு பார்த்தார். பயப்படாத கை, என்றார். பயப்படாத கை! இப்போது வந்து பாரும் முசே. முதலில் பிரஷ் கழுவ, அப்புறம் சட்டம் அறைய, பத்து வருஷம் அப்படியே போயிற்று. பிறகு அந்தக் கடகடகட. ஒரு மத்தியானம் கூப்பிட்டார், பிரஷைக் கையில் திணித்தார், பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இடது, இன்னும் இடது, இறங்கு, இறங்கு, நில். கழுத்தில் அவர் மூச்சு படும், புகையிலையும் இருமல் மருந்தும் கலந்த மூச்சு. அன்றைக்குத்தான் அது நடந்தது, முதல் நாள், முதல் கோட்டுக்கு முன்னால், வெள்ளைத் துணி ஆளுயரத்துக்கு எதிரே நிற்கிறது, இது பிறத்தியார் உயிர், தப்பாகப் போனால் அழிக்க முடியாது என்று பயம், அந்த நேரத்தில் கை தானாக மேலே போய், நடுவில், ஒரு சுழியைப் போட்டுவிட்டது. பரீட்சைத் தாளில், மளிகைச் சீட்டில், பெண்டாட்டிக்குக் கடுதாசியில், எதைத் தொடங்கினாலும் போடுகிற கை, துணி பாரிஸுக்குப் போகும் துணி என்று அதற்கு எப்படித் தெரியும்? பெலிஸ்யே கத்தினார். என்ன அது? தடங்கல் வராமல் இருக்க, முசே. யாருக்கு? நமக்கு. திருக்காமு கந்தலை எடுத்தார் சுழியைத் துடைக்க. விடு, என்றார் கிழவர், பயந்து போட்டிருக்கிறாய், அது இருக்கட்டும், நான் நாற்பது வருஷமாகப் பயத்தை நடித்துக்கொண்டிருக்கிறேன். ஏழு படம். ஏழிலும் அதே கட்டில் கிழவன், இடுப்புவரை கம்பளி, கை இரண்டும் கம்பளிக்குள். கையெழுத்தை மட்டும் அவரே போட்டார், அது பாம்பு ஊர்ந்த மண்ணாக நெளிந்தது. பாரிஸில் இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்களே, கோடு இவ்வளவு நேர், கையெழுத்து இவ்வளவு நடுக்கம், எப்படி? போலியா? அப்போது மதாம் தெலோர்ம் என்கிற இந்த அம்மாள்தான், இந்தக் கண்காட்சியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிற இதே அம்மாள், பூதக்கண்ணாடி வைத்து மூன்று வருஷம் கொக்கியை ஆராய்ந்து, ஏழும் ஒரே கை என்று நிரூபித்தார். நிரூபித்தது சரிதான். ஏழும் ஒரே கை. அந்த ஏழால்தான் பெலிஸ்யேவைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாயை மூடினார்கள். இன்றைக்கு ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஐயோ இது நம்ம ஊர் சுழி ஆயிற்றே என்று வாயைத் திறந்தால் போதும். அந்த டிரைவர் எந்த ஊர் என்பார்கள். கிழவர் மறுபடியும் பிஸ்கட் டப்பா. இவர் போலிக்காரர், போலீஸ், பேப்பரில் போட்டோ, பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர். அதுகூடப் பரவாயில்லை. சத்தியம் ஒன்று இருக்கிறதே.

ஏழாவது முடிந்த மத்தியானம். உங்கள் ஊரில் எப்படிச் சத்தியம் செய்வீர்கள் என்று கேட்டார் பெலிஸ்யே. கையில் அடித்து, என்றார் திருக்காமு. கிழவர் கையை நீட்டினார். அது நிற்கவில்லை, வலையில் விழுந்த மீனாகத் துள்ளியது, அடிக்கப்போனால் நழுவுகிறது, இரண்டாம் முறையும் நழுவிற்று, கடைசியில் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓங்கி அடித்தார், யாரிடமும் சொல்லமாட்டேன். அடித்ததும் அந்தக் கை ஒரு நிமிஷம், பொய் இல்லை, ஒரு முழு நிமிஷம் ஆடாமல் நின்றது. அந்த ஆட்டம் எங்கே போயிற்று? அன்றைக்கு எங்கே போயிற்றோ அங்கே பதுங்கியிருந்து இப்போது வெளியே வருகிறதோ? கையில் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தக் கை விளங்காது என்று அம்மா சொல்வாள். மீறவே இல்லையே அம்மா. இன்னும் மீறவில்லை. இன்றைக்குப் பதினோரு மணிக்கு மீறப்போகிறேன் என்று கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டதோ? "ஐயா!" தூக்கிவாரிப் போட்டது. செக்யூரிட்டி கலிவரதன், பாகூர்க்காரன், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும், யூனிஃபாரம் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. மூன்றாவது படத்துக்குக் கீழே அண்ணாந்து நிற்கிறான். "இத வரைஞ்சவன் வெள்ளக்காரன்னுதான சொன்னாங்க?" "ஆமா." "அப்ப புள்ளையார் சுழி போட்டுல்ல ஆரம்பிச்சிக்கிறான்!" காது அடைத்துக்கொண்டது. கூடத்தின் அந்தக் கோடியில் மதாம் தெலோர்ம் பூச்சாடியை நகர்த்திக்கொண்டிருந்தார், நகர்த்துவது நின்றது. "ஏழுலயும் கீது பாருங்க. நல்ல மனுசன்யா," என்ற கலிவரதன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான், கையைக் குறுக்கே போட்டு நெற்றிப்பொட்டில் நறுக் நறுக்கென்று மூன்று குட்டு வைத்துக்கொண்டான்.

டக் டக் டக் என்று குதிகால் செருப்பு வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கால் வரவில்லை, ஓடலாம், வாசல் பத்தடி, ஓடினால் மாட்டிக்கொள்வேன், உட்கார்ந்தாலும் மாட்டிக்கொள்வேன். இவர் என்ன செய்கிறார், ஏன் தலையில் அடித்துக்கொள்கிறார் என்று மதாம் பிரெஞ்சில் கேட்டார். திருக்காமுவைக் கூப்பிட்டதே அதற்குத்தானே, டிரைவர், கடைசி சாட்சி, மொழிபெயர்ப்பாளர். வாய் திறந்தது. அதிலிருந்து என்ன வரும் என்று திருக்காமுவுக்கே தெரியாது. "பயம், மதாம்," என்றது வாய். "எங்கள் பக்கத்தில் தாங்க முடியாத பயம் வந்தால் இப்படித்தான் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொள்வோம். அந்தக் கொக்கியைப் பார்த்துப் பயந்துவிட்டார்." மதாம் கண்ணாடியைக் கழற்றினார். கண் ஈரம். பெலிஸ்யேவின் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு காவலாளி, கடல் கடந்து, என்று முணுமுணுத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். "இன்னா எழுதுது அந்தம்மா?" என்றான் கலிவரதன். "உன் பேரு." "எதுக்கு, கம்ப்ளெய்ன்டா?" "இல்லப்பா, புக்குல போடுது." "அப்பன்னா கலிவரதன்னு முழுசா போடச் சொல்லுங்க. வரதன்னு மட்டும் போட்டுச்சுன்னா எங்க அண்ணன் தம்பேருன்னு சுத்த ஆரம்பிச்சிடுவான்." சொன்னார், மதாம் எழுதினார். ஒருத்தனை மூடியாயிற்று. ஊரை எதைப் போட்டு மூடுவது? வரப்போகிறவர்கள் எல்லாம் குட்டிக்கொண்டால் என்ன சொல்வது, ஊரே பயந்தாங்கொள்ளி என்றா?

திறந்தார்கள். வந்தது ஊர். மெடல் குத்தின கிழட்டு சொல்தாக்கள், கான்வென்ட் டீச்சர்கள், வேட்டி கட்டின பேராசிரியர் ஒருவர், பேப்பர்க்காரன், செல்போனைத் தூக்கிப் பிடித்த கல்லூரிப் பெண்கள். திருக்காமு சுவரோடு சுவராக நின்றார். முதுகு பூராவும் வியர்வை, வியர்வையில் சுண்ணாம்பு ஒட்டுகிறது. ஒவ்வொருவர் கண்ணும் மேலே போகிற நேரம் இவருக்கு மூச்சு நின்றது. போகிறது, போகிறது, சுழியில் ஏறுகிறது, இறங்கிவிடுகிறது. "இன்னாடா இவன் இப்படிக் காஞ்சி கெடக்கறான், சுகரா?" என்றார் ஒரு சொல்தா. பேராசிரியர் நாலாவது படத்தின் முன் ஐந்து நிமிஷம் நின்றார், அந்த ஐந்து நிமிஷத்தில் திருக்காமு ஜெயிலுக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார், அவர் செருமிக்கொண்டு நகர்ந்தார். ஒருவருமா பார்க்கவில்லை? பார்த்தார்கள். பார்த்ததால்தான் நிற்கவில்லை. தலைமாட்டில் சுழி இருந்தால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, அதில் கேட்க என்ன இருக்கிறது? இல்லாவிட்டால்தான் எவனாவது கேட்டிருப்பான். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்புக்குப் பின்னாலேயே குளிர்காலத்துத் தண்ணீர் மாதிரி வேறு ஒன்று வந்தது. அவ்வளவுதானா? ஏழு படம். எதிரே இருநூறு பேர். ஒருத்தருக்குமா தெரியவில்லை? சீ, என்ன ஆசை இது, வாயை மூடு. மூடினார். மூடின அந்த நிமிஷத்தில்தான் வாசலில் செருப்பைக் கோயிலுக்கு விடுகிற மாதிரி ஓரமாக விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பூங்காவனம் உள்ளே வந்தாள்.

வரமாட்டேன் என்றாளே, செத்த வெள்ளைக்காரன் படத்துக்கு நான் எதுக்கு என்றாளே. அவளை மறந்தே போனார் பாருங்கள். ஊருக்குத் தெரிவது வெறும் சுழி. அவளுக்குத் தெரிவது யார் சுழி என்று. அவர் சீமையில் இருந்த காலமெல்லாம் வில்லியனூரில் மாமியாரோடு இருந்தவள், வாரம் ஒரு கடுதாசி, லீவுக்கு லீவு வரும்போது அதைத்தான் சொல்லிச் சிரிப்பாள். "சுழி போட்டா படுத்துக் கெடக்கணும், உங்க சுழிக்கு மட்டும் வாலு பல்லி வாலாட்டம் கடைசில துள்ளுது." துள்ளும். ஏழிலும் துள்ளுகிறது, மதாம் தெலோர்ம் பூதக்கண்ணாடியில் கண்டுபிடித்ததே அந்தத் துள்ளலைத்தான். பூங்காவனத்துக்கு ரகசியம் பேச வராது. அவள் காதோடு சொன்னால் பக்கத்துத் தெருவில் பதில் சொல்வார்கள். முதல் படத்தில் நின்றாள், முகத்தைப் பார்த்தாள், பாவம் என்று உச்சுக்கொட்டினாள். இரண்டாவது. மூன்றாவதில் கண் மேலே ஏறியது, ஏறினது இறங்கவில்லை. திரும்பி முதல் படத்துக்கு வந்தாள். மறுபடி இரண்டு. மூன்று. நாலு. தலைமாட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, வரிசையாக, தகரப் பெட்டியில் கடுதாசி தேடுகிறவள் மாதிரி. ஓடிப்போய் வாயைப் பொத்தலாமா? எல்லாரும் பார்ப்பார்கள். மதாம் பேப்பர்க்காரனை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமே வருகிறார். ஏழாவது படத்தின் முன்னால் பூங்காவனம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். திருக்காமு கண்ணை மூடிக்கொண்டார். கடகடகடவென்று ஒரு சத்தம், கோப்பையா, பல்லா, தெரியவில்லை. முசே, மன்னியும். நான் சொல்லவில்லை. நான் சொல்லவே இல்லை.

"கை எங்க?" கண்ணைத் திறந்தார். பக்கத்தில் நிற்கிறாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு தணிந்து அவர் கேட்டதில்லை. "ஏழுலயும் கம்பிளிக்குள்ள வெச்சிக்கினு கெடக்குது. கை எங்கங்க?" "எனக்குக் கை வராது," என்றார் திருக்காமு. எனக்கு என்ற சொல் வெளியே விழுந்த பிறகுதான் விழுந்தது தெரிந்தது. விரல் வரைய வராது, எத்தனையோ தரம் முயன்று, முருங்கைக்காய் மாதிரி ஆகிவிடும், அதனால்தான் கம்பளி. மதாம் வந்து நின்றார், உங்கள் மனைவி என்ன கேட்கிறார் என்றார். கைகள் எங்கே என்று கேட்கிறாள், மதாம். மதாமின் முகம் மலர்ந்தது, பேப்பர்க்காரன் எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: மிகச் சரியான கேள்வி. அந்த மனிதருக்குத் தன் கை தன்னை விட்டுப் போவது தெரிந்திருந்தது. அது ஆடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்கிற பயம். அதனால் மறைத்துக்கொண்டார். திருக்காமு அதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் குரல் நின்றுவிட்டது, ஏனென்றால் கையில் இருந்த நோட்டீஸ் படபடத்துக்கொண்டிருந்தது, அந்தச் சுவரோரம் மின்விசிறிக் காற்று வரவே வராது, பூங்காவனம் நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கையை எடுத்தாள், நோட்டீஸோடு சேர்த்து, முந்தானையைச் சுற்றி உள்ளே வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அது உள்ளே கொஞ்ச நேரம் துள்ளியது. "சரியாத்தான் சொல்லிச்சின்னு சொல்லுங்க அந்தம்மாகிட்ட," என்றாள்.

அப்புறம்? அப்புறம் அந்த அம்மாள் புத்தகம் போட்டார், கலிவரதன் பெயர் முழுசாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் பாரிஸில் இப்போது அந்தப் படங்களுக்கு முன்னால் வருகிறவர்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றி நெற்றிப்பொட்டில் மூன்று குட்டு வைத்துக்கொள்கிறார்களாம். போன வருஷம் ஒரு மந்திரிகூடக் குட்டிக்கொண்டாராம், கொஞ்சம் பலமாக. நம்பாவிட்டால் போய்ப் பாருங்கள். ஆனால் ஒன்று, இதை எங்கேயும் சொல்லிவைக்காதீர்கள். வாய் தவறிச் சொன்னாலும் சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சத்தியம் வாங்கின கை எப்போதோ மண்ணுக்குள் போய் ஓய்ந்துவிட்டது. கொடுத்த கை இன்னும் ஓயவில்லை. விடுங்கள் என் கையை, பூங்காவனம் காபியோடு வருகிறாள், உங்களிடம் இதெல்லாம் சொன்னேன் என்று தெரிந்தால் அவ்வளவுதான்.